நாணயம் சுண்டிக் கிடைத்த பாலம்

"...ஆறு பெருகினால் எங்கட கிராமம் தனித் தீவுதான், மச்சாள். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேலாது. பாலம் கட்டத்தான் தங்கச்சி தலைவர் பதவிக்கு நிண்டவள்" என்றபடி அண்ணி, ஊருடன் காணொலி அழைப்பில் இருந்த கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்தார். அண்ணி பிலிப்பைன்ஸ்காரி. அண்ணனைக் கட்டிக் கனடாவின் ஸ்ரௌவ்வில் நகருக்கு வந்தபின் யாழ்ப்பாணத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுகிறார். அதைக் கேட்பதே எனக்கொரு சந்தோஷம்.

அவர்கள் ஊரில் நகரசபை கடற்கரையில் இருக்கிறது. மலையடிவாரம் வரை சிதறிக் கிடக்கும் கிராமங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அண்ணியின் கிராமத்தில் தங்கைக்கும் எதிர்த்து நின்றவருக்கும் வாக்குகள் சமமாக விழுந்துவிட்டன. அப்படி வந்தால் நாணயம் சுண்டித்தான் முடிவெடுப்பார்களாம்.

"இஞ்சை கரம்போட் விளையாடவே உப்பிடிச் சுண்டமாட்டாங்கள்" என்றார் அண்ணன்.

"சும்மா இருங்கோப்பா!" என்றார் அண்ணி.

திரையில் நாணயம் எழும்பி விழுந்தது. தங்கை துள்ளிக் குதித்தாள். நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"வெண்டிட்டியள், அண்ணி!"

"பொறுங்கோ மச்சாள். பாலம் வந்து இறங்கிற அக்கரைக் காணி தோத்த மனிசன்ரை. அவர் தந்தால்தான் வெற்றி."

தங்கையிடம் கைபேசியைத் தோற்றவரிடம் கொடுக்கச் சொல்லி, தன் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்துக்கொண்டே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அண்ணி, அண்ணனைக் கதிரையிலிருந்து இழுத்து எழுப்பி ஆடத் தொடங்கினார்.