கண்ணுக்கு மேலா, கீழா?

உலகநாதன் எந்தப் போட்டோவையும் முதலில் தலைகீழாகப் பிடித்துத்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் ஆசை குறுக்கே வந்துவிடும் என்பது அவர் கட்சி. அப்புறம் லென்ஸ், அப்புறம் வெர்னியர் காலிப்பர். ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாக உதிரிபாகங்களை அளந்து பாஸ், ரிஜெக்ட் போடும் கை, ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை அலகை அளக்கும். படம் மங்கல் என்றால் பறவை பார்ப்பவர்கள் கோவில்பதாகையிலுள்ள அவர் வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள்.

இந்தப் படம் மூன்று நாளாக மேஜையில் கிடக்கிறது.

"எங்கண்ணன் கொண்டாந்த ஜாதகத்த ஒரு தபா பாக்கல. இந்த அழுக்குப் போட்டோவ மூணு நாளா மொறச்சிக்கினு கீற" என்றார் மனைவி வேம்புலியம்மாள்.

"ஜாதகம் பொய்யின்னு பாக்காமயே தெரியும். இது தெரிலியே!"

அனுப்பியவர் விஜி, முகப்பேரில் ஆசிரியை; நீலகிரித் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவர். 1997இல் எடுத்த படம். சுண்ணாம்புச் சுவரோரம் அவர் அம்மா, பின்னால் வேலியில் ஒரு பறவை. வேலிக்கு அப்பாலுள்ள சோலையை அழித்துக் கல்குவாரி வரப்போகிறது. ஊருக்குத் தண்ணீர் வருவதே அந்தச் சோலையிலிருந்துதான். அழிந்துவரும் பறவையான நீலகிரி சிரிப்பான் அங்கே இருந்தால் குவாரிக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்; என்றுமே இருந்ததில்லை என்கிறது குவாரிக்காரர்களின் அறிக்கை. இரண்டு நாள் காரில் வந்து போனவர்களுக்கு 'என்றுமே' என்று எழுதக் கை கூசவில்லை. நாளை மறுநாள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

வயிறு செம்பழுப்பு, சிரிப்பானேதான் என்று முதல் நாள் துள்ளினார். மறுநாள் சுவரைக் கவனித்தார். அதுவும் செம்பழுப்பு. பழைய பிரிண்ட், மொத்தமும் சிவப்பேறிக் கிடந்தது. மிச்சம், முகத்தில் ஒரு வெளிர் கீற்று. கண்ணுக்கு மேலே என்றால் சிரிப்பான்; கீழே என்றால் மலையெங்கும் திரியும் செம்மீசைச் சின்னான். சின்னானுக்குக் கொண்டை உண்டு; ஆனால் உச்சந்தலையை இலை மறைக்கிறது. கண் எங்கே என்றுதான் தெரியவில்லை.

விஜி போனில் கெஞ்சினார். "சிரிப்பான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்கண்ணா. அவங்க மட்டும் பொய் சொல்லலாமா?"

"அவன் சொன்னா அது அறிக்கைம்மா, நாம சொன்னா கேஸு. எவனாவது அந்தச் செவத்தக் காட்டிட்டான்னா, உங்க தண்ணிக் கஷ்டமும் பொய்யின்னுடுவான்."

"அப்ப வெறுங்கையோட போய் நிக்கிறதா?"

உலகநாதன் போனை வைத்துவிட்டு எழுதினார்: 'இந்தப் படத்தை வைத்து என்னால் உறுதி சொல்ல முடியாது. சோலைக்குள் பருவம் பருவமாகப் போய்ப் பார்க்காமல் அவர்களாலும் முடியாது.' கையெழுத்துப் போட்டார். விரல் ஈரம் பட்டு மை கலங்கியது. இந்த ஒற்றைத் தாளை எந்த அதிகாரி படிக்கப்போகிறார்? ஃபைலுக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். எழுதியவனே எதிரில் நின்று படித்தால் செருக முடியாது.

ஆவடியில் அன்று வெயில் நூற்றைந்து டிகிரி. உலகநாதன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண்மேல் பெட்டியிலிருந்த கம்பளி ஸ்வெட்டரை இழுத்து உதறினார். அந்துருண்டைகள் தரையெங்கும் உருண்டோடின.