வலிக்காத காயம்

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பிரஷர் மாத்திரை வாங்க மாதாமாதம் கிளினிக்குக்குப் போவேன். போன மழைக்காலத்தில் ஒருநாள், பாதை வழுக்கும் என்று என் கணவரும் துணைக்கு வந்தார். வாசலில் அவருடைய ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அதை அறியாமலே அவர் உள்ளே நடந்தார். நான் சிரித்துவிட்டேன்.

அங்கிருந்த நர்ஸ் சிரிக்கவில்லை. "அண்ணே, செருப்பு கழண்டது தெரியலீங்களா? உக்காருங்க, காலைப் பாப்போம்" என்றார்.

பாதத்தைத் தூக்கியதும் எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளங்காலில் கண்ணாடித் துண்டு ஏறிச் சீழ் பிடித்திருந்தது.

"வலிக்கவே இல்லையே, தங்கச்சி!" என்று அவர் திகைத்தார்.

நர்ஸ் அவர் விரலில் இரத்தம் எடுத்துப் பார்த்தார். "சீனி ரொம்பக் கூடியிருக்கு. அதான் காலு மரத்துப் போயிருக்கு. இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று சொல்லி, கட்டுப் போட்டு, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். கால் தப்பியது.

இப்போதெல்லாம் மாலையில் அவர் கால்களை மடியில் வைத்து, விரலிடுக்கு வரை பார்க்கிறேன். முதலில், "விடு புள்ள, யாராச்சும் பாத்தா சிரிப்பாங்க" என்று கூச்சப்பட்டார். இப்போது நான் வேலைவிட்டு வருவதற்குள் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, கால்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.