பெரிய ரம்பம் வாங்கிய கதை

நம்ம ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் பெட்ரோல் ரம்பத்தை இன்று திண்டுக்கல்லில் வாங்கினேன். மரம் அறுக்கத்தான். பெரியதாகவே எடுத்தேன்.

பில் போட்ட கையோடு, வடமதுரையிலிருந்து ஒரு விவசாயி மனைவியோடு வந்தார். அவரும் பெரியதைத்தான் தூக்கினார்.

"நடுத்தர மரத்துக்குச் சின்னதே போதும். விலையும் கம்மி, ஸ்பேர் மதுரையிலயே கிடைக்கும்," என்றார் கடைக்காரர்.

"பெருசுன்னா வேலை சட்டுன்னு முடியுமே," என்றார் விவசாயி.

மனைவி இரண்டையும் தூக்கிப் பார்த்தார். "சின்னதையே குடுங்கண்ணே. பகலெல்லாம் தூக்குறது இவரு. ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்க்கிறது நானுல்ல?"

விவசாயி சிரித்துக்கொண்டே பெரியதைக் கீழே வைத்தார்.

நான் தனியாள். பெரியதைத் தோளில் சுமந்து பஸ் ஏறி வந்துவிட்டேன்.

நல்ல தைலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வலிக்கிற இடத்துக்கு என் கை எட்டவில்லை.