கருப்பையா கடலுக்குப் போன கதை

வீட்டு ஹாலில் பாடம் எடுப்பது என்பது, ஒரே விஷயத்தை ஒன்பது முறை சொல்லிவிட்டு, பத்தாவது முறை சொல்லும்போது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்ளும் தொழில். இதில் தெரியாமல் காலை விட்ட சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் புத்திசாலிகள், சீரியல் பார்க்கட்டும்.

நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். தண்ணீர் குடிக்கப் போவதானாலும் ஆங்கிலத்தில் கேட்டால்தான் விடுவார்கள். அந்த ஆங்கிலத்தைச் சீதனம் மாதிரிக் கட்டிக்கொண்டு புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துக்கு வாழ வந்து, இருபத்தைந்து வருடமாக மிக்சி வாரண்டி அட்டையும் மாமனாரின் மருந்துச் சீட்டும் படித்துக் காட்டியிருக்கிறேன். இதை எப்படியோ மோப்பம் பிடித்தவள் எனக்கு ஜாக்கெட் தைக்கும் ராஜகிளி. என் கையில் டேப்பைச் சுற்றிக்கொண்டே, "நாங்க மூணு பேரு பத்தாவது பிரைவேட்டா எழுதப்போறோம்க்கா. இங்கிலீஷ்தான் இடிக்கிது" என்றாள். கை அவள் பிடியில் இருந்ததால் சரி என்றுவிட்டேன்.

சனி, ஞாயிறு மதியம் வகுப்பு. ராஜகிளி, மும்தாஜ், செல்வி. மும்தாஜுக்குச் சொந்த ஊர் கடலோர மீமிசல், கணவர் குவைத்தில், பிள்ளைகள் படிப்புக்காக இங்கே வாடகை வீட்டில் இருக்கிறாள். இவர்கள் இருவருக்கும் பத்தாவது என்பது ஓர் ஆசை. செல்விக்கு அப்படி இல்லை. அவள் பால்வாடியில் ஆயா. அங்கே டீச்சராக இருப்பவர் ரிட்டயர் ஆகப்போகிறார். பத்தாவது பாஸ் என்றால் செல்வி அந்த வேலைக்கு மனுப் போடலாம். இல்லையென்றால் புதிதாக ஒருத்தி நாற்காலியில் வந்து உட்காருவாள், செல்வி இத்தனை வருடம் கழுவிய அதே அண்டாவைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

டாமுக்குப் பதில் கருப்பையா

வாக்கிய வகைகளை இலக்கணமாகச் சொன்னால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டார்கள். கதையாகச் சொல்வோம் என்று ராத்திரி உட்கார்ந்து ஒன்று எழுதினேன். எங்கள் கான்வென்ட் புத்தகத்தில் மீன் பிடிப்பவன் பெயர் டாம். நமக்கு மண்வாசனை வேண்டுமே என்று கருப்பையா என்று வைத்தேன். டாம் என்றே விட்டிருந்தால் எனக்கு இந்த வம்பெல்லாம் வந்திருக்காது.

"கருப்பையா வென்ட் டு த சீ ஆன் ஃப்ரைடே." இது செய்தி வாக்கியம். "'வேர் ஆர் யூ கோயிங்?' ஆஸ்க்ட் ஹிஸ் வைஃப்." இது வினா. "'பிரிங் மை நெட்!' செட் கருப்பையா." இது கட்டளை. மாலையில் மீனோடு வருகிறான். "'வாட் எ பிக் ஃபிஷ்!' கிரைட் ஹிஸ் வைஃப்." இது உணர்ச்சி. நாலே வரியில் நாலு வகை. எங்கள் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் மாதா படம் ஒன்று பரிசாகக் கொடுத்திருப்பார்கள்.

மும்தாஜ் முதல் வரியிலேயே கையைத் தூக்கினாள். "வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல கடலுக்குப் போகமாட்டாங்க டீச்சரக்கா. ஜும்மாவுக்குல்ல போவாங்க?" கருப்பையா எதற்கு ஜும்மாவுக்குப் போகிறான் என்றேன். "அவரு போகலைன்னாலும் கூடப் போறவுக வரணும்ல? தனியாவா வலையை இழுப்பாரு?" என்றாள். நான் ஃப்ரைடேயை அழித்துச் சாட்டர்டே என்று எழுதினேன். அவள் பெரிய மனதோடு சொன்னாள்: "இங்கிலீஷெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சரக்கா, கதைதான் தப்பு."

கேட்கக் கூடாத கேள்வி

இரண்டாவது வரிக்கு ராஜகிளி நோட்டையே மூடிவிட்டாள். "கெளம்புற ஆளைப் பாத்து 'எங்க போறீங்க'ன்னு பொண்டாட்டி கேக்குறாளா? போன காரியம் வெளங்குமாக்கா? அதுவும் கடலுக்குப் போறவரை!" மும்தாஜும் ஆமாம் என்று தலையாட்டினாள். வெள்ளிக்கிழமை விஷயத்தில் மும்தாஜ் தனியாகத்தான் நின்றாள், இதில் இருவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள்.

சரி, வேறு கேள்வி சொல்லுங்கள் என்றேன். 'எப்ப வருவீங்க' என்பதும் கூடாதாம், போகும்போதே வரவைப் பற்றிப் பேசுவது சகுனத்தடையாம். 'காசு இருக்கா' என்றால் சண்டை வருமாம். 'யார்கூடப் போறீங்க' என்றால் அதைவிடப் பெரிய சண்டை. கால் மணி நேரம் இருவரும் மூளையைக் கசக்கிக் கடைசியில் ஒரு கேள்வியைத் தேற்றினார்கள்: "ஹேவ் யூ ஈட்டன்?" அதைப் போர்டில் எழுதும்போது ராஜகிளி சொன்னாள்: "புருசங்கிட்ட கேக்குறதுக்குன்னு நமக்கு விட்டு வச்சிருக்கிறது இந்த ஒரு கேள்விதான்க்கா."

கட்டளை வரும் திசை

கட்டளை வாக்கியத்துக்கு ஆளுக்கு ஐந்து உதாரணம் எழுதி வரச் சொன்னேன். ராஜகிளி எழுதியிருந்தது: "ப்ளீஸ் சிட். ப்ளீஸ் ஈட். ப்ளீஸ் டோன்ட் ஷௌட்." மும்தாஜ் ஐந்தையும் வீட்டுப் பூனைக்குப் போட்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு மனுஷனைப் பார்த்து, அதிகாரமா, ப்ளீஸ் இல்லாம ஒரு கட்டளை போடத் தெரியாதா? நீங்கள்லாம் என்ன பொம்பளைங்க?" என்று ஆரம்பித்துப் பெண்ணுரிமை பற்றி ஒரு பிரசங்கமே நடத்தினேன். நன்றாகத்தான் பேசினேன். எனக்கே கண்ணில் நீர் முட்டியது.

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. "காபி!" ஒற்றைச் சொல்தான். நானும் பிரசங்கத்தை அப்படியே நிறுத்திவிட்டு அடுப்படிக்கு எழுந்தேன். பின்னால் ராஜகிளி மும்தாஜிடம் சொன்னது பாலைப் பொங்க விடும் அளவுக்குத் தெளிவாகக் கேட்டது: "எழுதிக்கடி, டீச்சரக்கா வீட்டு உதாரணம் வந்துருச்சு."

வாய்விட்டுச் சொல்லாதே

உணர்ச்சி வாக்கியமாவது ஒழுங்காகப் போகும் என்று நம்பினேன். போர்டில் ஒரு மீன் வரைந்து, "இதைப் பார்த்து ஆச்சரியமாச் சொல்லு, வாட் எ பிக் ஃபிஷ்!" என்றேன். மும்தாஜ் ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள். இன்னும் உணர்ச்சியோடு என்றேன். குரலை இன்னும் தாழ்த்தினாள். கத்து என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னாள்: "அம்புட்டுப் பெரிய மீனுன்னு கத்துனா கண்ணு பட்டுரும் டீச்சரக்கா, நாளைக்கு வலை கிழிஞ்சா நீங்களா வந்து பின்னுவீங்க?"

செல்வியின் தொண்டை

இவ்வளவு களேபரத்திலும் செல்வி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை. அவளை வாசிக்கச் சொன்னால் கதையின் முதல் வார்த்தையிலேயே இருமல் வந்துவிடும். தண்ணீர் குடிப்பாள். மறுபடி ஆரம்பிப்பாள், மறுபடி இருமல். ஒரு நாள் "ஹீ வென்ட் டு த சீ" என்று வாசித்தாள். "ஹீ எங்கே இருக்கு? எழுதியிருக்கிறதை வாசி" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொரு நாள் விரலை வரியின் மேல் வைத்து அந்தப் பெயரை மட்டும் தாண்டி வைத்தாள், சாக்கடையைத் தாண்டுவதுபோல. கேட்டால், "தொண்டை கட்டிருக்குக்கா" என்பாள்.

மூன்று வாரம் பொறுத்தேன். என் கணக்கில் அது மூன்று வருடம். நாலாவது சனிக்கிழமை, மற்ற இருவர் எதிரிலேயே வெடித்துவிட்டேன். "முதல் வார்த்தையே வரலைன்னா நீ என்ன பரீட்சை எழுதப்போற? ஒனக்கெல்லாம் டீச்சர் நாற்காலி ஒரு கேடா? பேசாம ஆயாவாவே இரு." செல்வி பென்சிலை டப்பாவில் வைத்து, டப்பாவைப் பைக்குள் வைத்து, எழுந்து நின்றாள். இருமல் இல்லாமல் தெளிவாகச் சொன்னாள்: "சரிங்க டீச்சரக்கா, வாரேன்."

ஜாக்கெட்டோடு வந்த சேதி

அடுத்த இரண்டு வாரமும் அவள் வரவில்லை. பரீட்சைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ஹால் டிக்கெட் வரவேண்டியதுதான் பாக்கி. தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்த ராஜகிளியிடம், "என்ன, உன் சிநேகிதிக்கு ரோஷமோ?" என்றேன். அவள் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள். செல்வியின் வீட்டுக்காரர் பெயர் கருப்பையா. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் வாயால் அதைச் சொன்னதில்லை. அவர்கள் ஊரில் கருப்பர் கோயிலைக்கூட எல்லைச்சாமி கோயில் என்றுதான் சொல்வாள். ஆகமொத்தம், நான் மூன்று வாரமாக ஒரு பெண்ணை அவள் புருஷன் பெயரை நடுக்கூடத்தில் சத்தமாக வாசி, வாசி என்று அதட்டியிருக்கிறேன்.

இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். "சொன்னா பட்டிக்காடுன்னு சிரிப்பீகன்னு பயந்தா" என்றாள். சிரித்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சரி, அவள்தான் பயந்தாள், உங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமே, நீங்கள் சொல்லக் கூடாதா என்றேன். ராஜகிளி ஊசியை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க எங்கக்கா எங்களைப் பேச விட்டீங்க?"

கதாநாயகன் மாற்றம்

மறுநாள் பால்வாடிக்கே போனேன். செல்வி ஒரு குழந்தைக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால், "கதையில் பேரை மாத்திட்டேன், சனிக்கிழமை வந்துடு" என்று அதட்டலாகவே சொன்னேன். வந்தாள். ஆனால் என்ன பெயர் வைப்பது? முருகன் என்றேன், ராஜகிளியின் மாமனார். சேகர் என்றேன், அது அவள் கணவர். மும்தாஜ்தான் வழி சொன்னாள்: "ஒங்க சார் பேரைப் போட்ருங்க டீச்சரக்கா. ஒங்களுக்குத்தான் இந்தச் சங்கடமெல்லாம் கெடையாதே."

அதானே என்று கம்பீரமாகப் போர்டில் எழுதினேன். சௌந்தரராஜன் வென்ட் டு த சீ. இதோ, இங்கேயும் எழுதிவிட்டேன், எழுத வருகிறது. வாசித்துக் காட்டத் திரும்பினேன். வாயைத் திறந்தேன். 'ஏங்க' என்றும் 'இந்தாங்க' என்றும் 'என் ஹஸ்பெண்ட்' என்றும் இருபத்தைந்து வருடம் ஓட்டிய நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. உள்ளே அவர் பேப்பர் புரட்டும் சத்தம் வேறு கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு இருமல் வந்தது. மூன்று பேரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம். செல்வி தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "குடிங்க டீச்சரக்கா. மொத மூணு வாரத்துக்கு அப்பிடித்தான் இருக்கும்."

கடைசியில் கதாநாயகனுக்கு டாம் என்றே பெயர் வைத்தோம். செல்வி முழுக் கதையையும் ஒரே மூச்சில், ஒரு தடங்கல் இல்லாமல் வாசித்தாள். மற்ற இருவரைவிட நன்றாக.

நாலாவது வரி

மூவரும் பாஸ். செல்வி மனுப் போட்டு, நேர்முகத் தேர்வுக்கும் கூப்பிட்டார்கள். துணைக்குப் போன நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்தவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "என்னடி ஆச்சு?" என்றேன். "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேங்க்கா. கடைசியா, 'ஒங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா'ன்னுட்டாரு அதிகாரி" என்றாள்.

பதில் சொல்லாமல் இருமிக்கொண்டு நின்றால், புருஷன் பெயர்கூடத் தெரியாதவள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பாள் என்று கழித்துவிட மாட்டார்களா? அவளுக்கும் அதே பயம்தானாம். தொண்டை அடைத்துக்கொண்டதாம். மேஜைமேல் அவள் எழுதிக்கொடுத்த ஃபாரம் இருந்திருக்கிறது. "'ரீட் லைன் ஃபோர், சார்'னேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சாருக்கா!" ப்ளீஸ் போட்டாயா என்று கேட்டேன். "மறந்துட்டேன்" என்றாள். பின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இங்கிலீஷ் யாரும்மா சொல்லிக்கொடுத்ததுன்னு கேட்டாரு, ஒங்க பேரைச் சொன்னேன், அதுக்குத்தான் ஒரு தடையும் இல்லையே."

போன மாதம் ஆர்டர் வந்தது: கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து படித்தவள் அதிகாரிக்கே கட்டளை போட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், கான்வென்டில் படித்த நான் இன்னும் ஒற்றைச் சொல்லுக்கு எழுந்துபோய்க் காபி போட்டுக்கொண்டிருக்கிறேன்.