கேமராவில் தெரிந்த நடுக்கம்

முதல் வீடியோவை வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தபோது என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். திரையில் ஊர்த் தண்ணீர்த் தொட்டி ஒன்று இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போன தார்ச்சாலை நாடாவைப் போல நெளிந்தது. டி. கல்லுப்பட்டி தாண்டி ஒரு கரிசல் காட்டின் மேலே நான் விட்ட ஃபோம் விமானத்தின் மூக்கில் ஒட்டியிருந்த கேமரா எடுத்த படம் அது.

"டேங்க் கரகாட்டம்ல ஆடுது!" என்றாள்.

நானும் சிரித்தேன். அவள் அடுப்படிக்குப் போனதும் வலது கையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக் கட்டைவிரலைப் பார்த்தேன். ஆடுகிற மாதிரியும் இருந்தது, ஆடாத மாதிரியும் இருந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கப்பலூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர் வேலை. கடைசல் எந்திரத்தில் இருந்து வரும் இரும்புச் சாமான்களை மைக்ரோமீட்டரில் அளந்து, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விமானம். ஆரப்பாளையத்தில் கார் சக்கரங்களுக்கு வீல் பேலன்ஸிங் செய்யும் கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன்தான் இந்தப் பித்தை எனக்குப் பிடிக்க வைத்தான். ஃபோம் பலகையை வெட்டி ஒட்டி, மோட்டார் வைத்து, ஒரு மீட்டர் இறக்கையோடு நாங்களே செய்துகொள்வோம். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது என்பதால், அவன் மாமனார் ஊரில் தரிசாகக் கிடந்த நிலத்துக்குப் போவோம். அந்தக் கேமராவும் அவன் இரவல் கொடுத்ததுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு.

விமானத்தை ஓட்டுவது இரண்டு கட்டைவிரல்கள். ரிமோட்டில் உள்ள இரண்டு குச்சிகளை அவை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். விரல் இம்மி நகர்ந்தால் மேலே இறக்கை சாயும். விரல் நடுங்கினால் விமானமும் நடுங்கும், படமும் நடுங்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

என் அப்பாவுக்கு நடுக்குவாதம் வந்தது நாற்பத்தொன்பதாவது வயதில். வலது கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆள்காட்டி விரல்மேல் எதையோ உருட்டுவது போல அது தானாக உருளும். பிறகு கையெழுத்து சிறுத்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். அதற்குப் பின் விருந்தாளிகள் வந்தால் வலது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். பதினோரு வருடம் அப்படியே வாழ்ந்து போய்ச் சேர்ந்தார்.

அந்த வீடியோவுக்கு அடுத்த நாளிலிருந்து நான் என்னையே வேவு பார்க்க ஆரம்பித்தேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு முந்தின மாதப் பக்கத்தைப் புரட்டி ஒப்பிடுவேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். ஒரே சாமானை மூன்று தடவை அளந்தேன். மூன்று அளவும் ஒன்றாகவே வந்தாலும் நாலாவது தடவையும் அளந்தேன். பார்க்கப் பார்க்க விரல் உண்மையாகவே நடுங்கத் தொடங்கியது. இரண்டு மாதம் ஓடியும் மனைவியிடம் சொல்லவில்லை. மாமனாரைக் கடைசி இரண்டு வருடம் குளிப்பாட்டி விட்டவள் அவள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது?

அதனால்தான் நான் புதுக் கேமரா வாங்கக் கிளம்பினேன். ஊரில் எல்லாரும் படம் தெளிவாக இருக்க வேண்டும் என்று கேமரா பார்ப்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது என் நடுக்கத்தை மறைக்கிற கேமரா. ராத்திரி பகலாக இணையத்தில் படித்தேன். ஆட்டத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி உள்ளவை பல இருந்தன. ஓடுகிறவன் நெற்றியில் கட்டினாலும் படம் அசையாது என்றார்கள். சனிக்கிழமை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன்.

"எதுக்குண்ணே, பைக்குக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"மாடல் ஏரோபிளேனுக்கு."

"அப்படின்னா வெயிட் பாக்கணும்ணே. எம்புட்டு தூக்கும் உங்க பிளேனு?"

"அத விடுங்க. கை நடுங்கினா படத்துல தெரியாதுல்ல?"

அவர் ஒரு கேமராவை எடுத்து, கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பை உதறுவது போல உதறிக் காட்டினார். சின்னத் திரையில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை அசையாமல் நின்றது. எனக்கு அது போதும். நூற்றைம்பது கிராம் எடை என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் அதையே வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நண்பனோடு காட்டுக்குப் போய் அதை மூக்கில் கட்டியதும் விமானம் தலைகுப்புறச் சாய்ந்தது. சமன் செய்ய வால்பக்கம் இரும்பு வாஷர்களை ஒட்டினேன். இப்படி முன்னும் பின்னும் சுமை ஏற்றிய விமானம், பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மேட்டில் ஏறுவது போல முக்கி முனகி மேலே போனது. ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கும்போது பொத்தென்று விழுந்து கரிசல் மண்ணை வாரிக்கொண்டது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் படத்தைப் போட்டேன்.

தண்ணீர்த் தொட்டி ஆடியது. முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, ஆனால் ஆடியது.

இம்புட்டு பெரிய கேமராவாலேயே மறைக்க முடியவில்லை என்றால், நோய் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்? மைக்ரோமீட்டரைத் தொட முடியாத ஒருவனுக்குக் கப்பலூரில் யார் வேலை தருவார்கள் என்று யோசித்தேன். மகள் கல்லூரி முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அப்பா போல நானும் கையின்மேல் உட்காரப் போகிறேன்.

நண்பன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன மாப்ள, அம்புட்டு நேரமா காருக்குள்ளயே உக்காந்திருக்க? ஏசி கூடப் போடாம வேகுற?"

சொல்லிவிட்டேன். அப்பாவைப் பற்றி, விரலைப் பற்றி, கேமரா வாங்கிய காரணத்தைப் பற்றி எல்லாவற்றையும். அவன் என் ரிமோட்டை வாங்கிக்கொண்டான்.

"நான் ஓட்டுறேன். என் கை நடுங்காதுல்ல? அந்தப் படத்தயும் பாத்துருவோம்."

மண்ணைத் துடைத்து விமானத்தை மேலே விட்டான். ஐந்து நிமிடம் ஓட்டி இறக்கினான். காரின் பானெட்டில் லேப்டாப்பை வைத்து, வெயில் படாமல் துண்டைப் போர்த்தி, இருவரும் அதற்குள் தலையை விட்டுப் பார்த்தோம். தொட்டி அதேபோல ஆடியது.

"பாத்தியா!" என்றான். "எனக்கும் உங்கப்பாதானா?"

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. கனத்த விமானம், அதனால் ஆடுகிறது, என் கை வேறு கதை என்று வாதாடினேன். பயந்தவனுக்கு எதிலும் ஒரு சந்து கிடைத்துவிடும். நான் ஓட்டி எடுத்த படத்தையே மறுபடி போடச் சொன்னேன். தரையிறங்கும் கட்டம் வந்தது. இறங்குவதற்காக நான் மோட்டாரை நிறுத்தியிருந்தேன். விமானம் சத்தமில்லாமல் சறுக்கி வந்தது. அந்த எட்டுப் பத்து நொடி மட்டும் படம் கல்லில் செதுக்கியது போல நின்றது. தொட்டி நேராக நின்றது. வேலி ஓரத்துப் பனைகள் நேராக நின்றன.

இறங்கும் நேரத்தில்தான் விரலுக்கு வேலை அதிகம். பயத்தில் விரல் நடுங்குவதாக இருந்தால் அப்போதுதான் நடுங்கியிருக்க வேண்டும். என் விரல் குச்சியின்மேலேயே இருந்தது. நின்றது மோட்டார் மட்டுந்தான்.

அந்த இடத்தைப் பின்னால் தள்ளித் தள்ளி ஏழெட்டுத் தடவை பார்த்தேன். பிழை சாமானிலா, அளக்கும் கருவியிலா என்று கேட்டுப் பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்கும் வேலை. என்னுடைய விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நண்பன் அதற்குள் புரொபெல்லரைக் கழற்றிவிட்டான். நடு ஓட்டையில் ஒரு மெல்லிய ஸ்குரூடிரைவரைச் செருகிப் படுக்கையாகப் பிடித்தான். இரண்டு இலைகளில் ஒன்று மெதுவாகக் கீழே இறங்கி நின்றது. திருப்பி விட்டான். மறுபடியும் அதே இலை இறங்கியது. மேலே நின்ற இலையின் நுனியில் நகத்தால் தடவினால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு சின்ன உடைசல். எப்போதோ இறங்கும்போது கல்லில் பட்டிருக்க வேண்டும்.

"வீல் பேலன்ஸ் இல்லேன்னா ஸ்டியரிங் ஆடும் மாப்ள. அதுக்கு டிரைவர் கை நடுங்குதுன்னு எவனாச்சும் ஆசுபத்திரிக்குப் போவானா? தெனம் நாப்பது வண்டி பாக்குறேன், எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருவ?"

அவனே விளக்கினான். இந்தச் சின்னக் கேமராக்கள் படத்தை ஒரே மூச்சில் எடுப்பதில்லையாம். மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்குமாம். படித்து முடிப்பதற்குள் மோட்டார் அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் ஒரு பக்கம் விலகிக்கொள்ளும். படம் ஜெல்லி போல நெளியும். கை ஆட்டத்தைச் சரிசெய்யும் கேமராவுக்கு இந்த அதிர்வு பிடிபடாது. எடை குறைந்த இலையில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டி, ஸ்குரூடிரைவரில் சமமாக நிற்கும்வரை வெட்டி வெட்டிச் சரிசெய்தான். நான் ஓட்டினேன். படத்தைப் பார்த்தோம். தொட்டி ஆடவில்லை.

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று எனக்கே தெரியவில்லை. அவன் வண்டியிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு கையால் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ரெண்டு மாசமா டம்ளர ரெண்டு கையாலயும் புடிக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். அடுத்த புதன்கிழம டாக்டரப் பாக்கச் சீட்டு வாங்கி வச்சிருக்கேன். சொல்லாமக் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன்."

விமானம் சரியாகிவிட்டதே, டாக்டர் எதற்கு என்றேன். விமானத்துக்கு வைத்தியம் ஆச்சு, உங்களுக்கு ஆகவில்லையே என்றாள். போனோம். நரம்பு மருத்துவர் என் மகளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த பெண். கையை நீட்டச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார். தாளில் சுருள் வரையச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார், நீளமான வராந்தாவில் நடந்துவிட்டு வரச் சொன்னார். அப்பா கதையை முழுசாகக் கேட்டார்.

"இப்ப அந்த மாதிரி எதுவும் இல்ல சார். கையையே பாத்துக்கிட்டிருந்தா யாருக்கும் ஆடத்தான் செய்யும். பின்னால வராதுன்னு நான் எழுதித் தர முடியாது. ஆனா இன்னைக்கு உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

வெளியே வந்து நானும் மனைவியும் நின்றுகொண்டே பருத்திப்பால் குடித்தோம். அவள் இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கனத்த கேமராவை நண்பன் தன் பெரிய விமானத்துக்கு எடுத்துக்கொண்டான். நான் மறுபடி டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். இந்தத் தடவை மனைவியும் கூட வந்தாள். கடைக்காரர் கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னேன். என் விமானம் ஐம்பது கிராமுக்கு மேல் சந்தோஷமாகத் தூக்காது. திரை வேண்டாம், தண்ணீர் புகாத பெட்டி வேண்டாம். விழுந்தால் முன்கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். அவர் உள்ளே போய் ஒரு எலுமிச்சங்காய் எடை கூட இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தார். மனைவி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "இது தொலஞ்சா எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு ஆரஞ்சு நிற உறை ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதை முதல்முறையாகப் பறக்கவிட்டேன். மனைவியும் வந்திருந்தாள். வால்பக்கம் வாஷர் எதுவும் இல்லாமல், கையைவிட்டதும் விமானம் காகிதம் போல எழும்பியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவள் எப்போது பக்கத்திலிருந்து போனாள் என்று கவனிக்கவில்லை. இறக்கி முடித்தபோது முந்தானை நிறையப் பச்சைத் துவரங்காயோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் அவற்றை உப்புப் போட்டு அவித்துத் தின்றுகொண்டே படத்தைப் பார்த்தோம். கரிசல் காடு விரித்த பாய் மாதிரி கிடந்தது. ஒரு மூலையில் துவரைக்கு நடுவே பருத்தி எடுக்கும் பெண்கள் நாலைந்து பேர். அவர்களோடு என் மனைவி. விமானம் தலைக்கு மேலே போகும்போது அவள் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்க்கிறாள், வாயைத் திறந்து என்னவோ சத்தமாகச் சொல்கிறாள். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

"என்ன சொன்ன அப்போ?" என்று கேட்டேன்.

"பேட்டரி தீந்துறப் போகுது, எறக்குங்கன்னு சொன்னேன்," என்றாள், அடுத்த காயை உரித்துக்கொண்டே.