சம்பூர்த் தயிர், மூதூர்ப் பலகை

தயிர்க்கடையில் தயிரைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று நம்பி இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். கடை வைத்துப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. என் ஊர் சம்பூர். சண்டைக்குப் பயந்து ஓடி, முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்து ஊர் திரும்பியதும் தம்பி எருமை வளர்த்தான். நான் நிலாவெளி வீதியோரம் கடை போட்டு, 'சம்பூர் எருமைத் தயிர்' என்று பெரிதாகப் பலகை எழுதி வைத்தேன். பெருமைதான், வேறென்ன.

சண்டை கேட்டவர்

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பலகையைப் பார்த்து வான் வண்டியை நிறுத்தினார். சம்பூர்ச் சண்டையைப் பற்றிப் பேப்பரில் படித்தாராம். செல் குண்டு எங்கே விழுந்தது, யார் எந்தப் பக்கத்தால் வந்தார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான், திரும்பியும் பார்க்கவில்லை என்றேன். அவருடைய முகம் தொங்கிப் போய்விட்டது.

"அப்ப நீங்கள் ஒண்டும் பாக்கேல்லையா?"

கொப்பியை மூடியவள்

பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். எனக்கு வாயெல்லாம் பல். கதிரை போட்டு இருத்தி, கோவில் திருவிழா, வயல், எங்கள் வளவுக்கும் கமலம் அக்கா வளவுக்கும் எல்லையில் நின்ற புளியமரம், அதன் எந்தக் கொப்பு யாருக்கு என்று நடந்த சண்டை எல்லாம் சொன்னேன். அவள் எழுதுவதற்கு விரித்த கொப்பியை மூடிவிட்டாள்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா, எனக்குப் பெரிய சண்டை நடந்த நாளுகள் மட்டும்தான் வேணும்."

வேறு ஊர்த் தயிர்

அடுத்து ஒரு அம்மா. சட்டியைக் கையில் எடுத்தவர், பலகையை வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"குண்டு விழுந்த மண்ணில மேஞ்ச எருமையெல்லோ, வேற ஊர்த் தயிர் இருக்கோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே பெயின்ற் வாங்கி, பக்கத்து ஊர்ப் பெயரைப் போட்டு 'மூதூர்த் தயிர்' என்று மாற்றி எழுதினேன். அதே எருமை, அதே சட்டி. பிறகு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

கமலம் அக்காவின் மகள்

ஒரு மாதம் கழித்து, களைத்துப்போன ஒரு பெண் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அப்படியே கமலம் அக்காவின் முகம். விசாரித்தேன், மகளேதான். அக்கா மட்டக்களப்பில் தவறிவிட்டாராம். அன்று காலை இவளுக்குக் காணி விசாரணை. காணியின் உறுதிப் பத்திரம் எரிந்துபோனதால், எல்லை தெரிந்த அயலவர் ஒருவரைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நிலாவெளி வீதியில் ஊர்க்காரர் ஒருவர் ஊர்ப் பெயரிலேயே கடை வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்ல, தேடி வந்திருக்கிறாள். ஆள் கிடைக்காமல் விசாரணைக்குத் தனியே போயிருக்கிறாள். சாட்சி இல்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் புளியமரத்தின் ஒவ்வொரு வேரும் தெரிந்த நான் தயிரில் மொய்த்த இலையான் கலைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மறுநாள் அவளோடு போய்க் கெஞ்சினேன், முடிந்தது முடிந்ததுதான் என்றார்கள். அவள் என்னைத் திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"உங்கட கடையைத் தாண்டி ரெண்டு தரம் போனனான் மாமா, பலகையில எங்கட ஊர்ப் பேர் இல்லை எண்டுதான் நிக்கேல்லை."

பலகையில் இப்போது மறுபடியும் சம்பூர்தான். வருகிறவர்கள் சண்டையைத்தான் கேட்கிறார்கள், நானும் கோபப்படாமல் சட்டியைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே, வருவது எங்கள் ஊர் முகமா என்று வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.