பால் நிறம் மாறிய கல்

அக்கா குனோங் ராபாட் என்ற ஊரில், சுண்ணாம்பு மலையடியில் வரிசை வீடொன்றில் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை காலை போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உடனே வா. மலைக் குகையில இருந்து பெருமாள் கல்லு கிடைச்சிருக்கு. பால் ஊத்துனா அந்தப் பாலே சந்தன நிறமா மாறுது."

எனக்குக் கல் சேர்க்கும் பைத்தியம் உண்டு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே நுழைந்ததும் அக்கா கல்லின் மேல் ஊற்றிய பாலைக் கரண்டியில் தீர்த்தமாகக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நாக்கில் லேசாகக் கசந்தது. பக்கத்து வீட்டு அம்மாவும் ஒரு கிண்ணம் நிறைய வாங்கிக்கொண்டு போனார். சர்க்கரை வியாதியில் படுத்திருக்கும் கணவருக்காம்.

பூசை அறையில் இருந்தது டிரைலோபைட். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஊர்ந்து, அழிந்தே போன ஓர் உயிரியின் கல்லாகிப்போன உடல். மரவட்டையை அகலமாகத் தட்டி வைத்தது போல இருக்கும். பழுப்புக் கல்லின் மேல் இந்தப் பூச்சி மட்டும் கருகருவென்று, ஒரு சிராய்ப்பு கூட இல்லாமல் படுத்திருந்தது. அதுதான் முதலில் உறுத்தியது. இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்த ஒன்று எங்கேயாவது உடைந்திருக்க வேண்டாமா?

கையில் எடுத்தேன். கல் சில்லென்றிருந்தது. பூச்சி அப்படி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கல்லில் ஓடிய விரிசல் பூச்சியின் ஓரத்தோடு நின்றுவிட்டது. அசலாக இருந்தால் இரண்டையும் பிளந்துகொண்டு போயிருக்கும். பூச்சியின் முதுகெல்லாம் ஊசிமுனை அளவுக்குக் காற்றுக் குமிழிகள். அச்சில் ஊற்றிய ரெசின் பிளாஸ்டிக்.

"அக்கா, நகப்பூச்சு அழிக்கிற தண்ணி இருக்கா?"

பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். பூச்சியைத் தொட்ட பஞ்சு கறுத்தது; கல்லைத் தொட்ட பஞ்சில் பழுப்புச் சாயம் ஏறியது. ஊசியைச் சுட்டுப் பூச்சியின் ஓரத்தில் தொட்டதும் பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் ஊதுபத்தி வாசத்தையும் மீறி எழுந்தது. சந்தன நிறம் எங்கிருந்து வந்தது என்று அப்போது அக்காவுக்கும் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். நானும் போய் வாய் கொப்பளித்தேன். அந்தக் கசப்பு இன்னும் தொண்டையில் இருந்தது.

அக்காவின் கணவர், என் மச்சான், மட்டும் அசையவில்லை. "விடு தம்பி, கும்பிட்டா எல்லாம் சாமிதான்லா," என்றார். வாங்கிக்கொண்டு வந்தவரே அவர்தான்.

ஞாயிறன்று, மச்சான் கல்லை வாங்கிய பழைய சாமான் சந்தைக்கு அக்காவும் என்னோடு வந்தார். விற்றவன் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் தட்டு நிறைய அதே பூச்சிகள். ஒவ்வொன்றுக்கும் அதே இடத்தில் அதே வளைவு. இரட்டைப் பிள்ளைகள் கூட இவ்வளவு ஒத்திருக்க மாட்டார்கள்.

அக்கா கல்லைத் தட்டில் போட்டார். "சாயத்த தீர்த்தம்னு குடிக்க வச்சிட்டியே, உனக்கே அசிங்கமா இல்ல?"

"நான் குடிக்கச் சொல்லலியே அக்கா," என்று சிரித்தான். பிறகு என் கையிலிருந்த பூதக்கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினான். தலை சிதைந்து, பாதி உடம்பு கல்லுக்குள் புதைந்த நிஜமான டிரைலோபைட். "இதுதாண்ணே அசல். யாரு வாங்குவா? பார்க்க நல்லா இல்லலா. நீங்க விஷயம் தெரிஞ்சவரு. ஞாயித்துக்கிழமை ஆனா வந்து பக்கத்துல நில்லுங்க, நீங்க சொன்னா சனங்க நம்பும்."

தெரியாமல் விற்கிறான் என்றால்கூட மன்னித்திருப்பேன். நாங்கள் திரும்புவதற்குள் அக்கா போட்ட கல்லைச் சட்டையில் துடைத்து வரிசையில் வைத்து, அடுத்து வந்த குடும்பத்திடம் குகைக் கதையைத் தொடங்கிவிட்டான். அக்கா அங்கேயே நின்று, "வாங்காதீங்க, போலி!" என்று கத்தினார். அந்தக் குடும்பம் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தது.

வீடு திரும்பியதும் அக்கா தீர்த்தம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் உண்மையைச் சொன்னார். நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா கேட்டை முழுதாகத் திறக்கவேயில்லை.

"அவரு நேத்துதான் எழுந்து உட்கார்ந்தாரு. இத ஏன் வந்து சொல்றீங்க? அந்தக் கல்ல எங்க போட்டீங்க? சொல்லுங்க, நான் போய் வாங்கிக்கிறேன்."

அக்கா இடத்தைச் சொல்லவில்லை. மச்சான் சொல்லியிருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து மணிச் சத்தம் கேட்டதாம். அக்கா பூசை அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம்.